குரோமைக் கழற்றிக் கருப்பு மாட்டினேன்: வேலூர் வெயிலில் மூன்றாவது கோடை

என் வண்டி 2015 மாடல் வெள்ளை செடான். கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு மைலேஜ் பக்கம் போய்விடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். முன்பக்கம் ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரை ஓடும் தடித்த குரோம் பட்டை, கீழே கிரில்லைச் சுற்றி மெல்லிய குரோம் சட்டம், இரண்டு ஃபாக் லேம்ப்பையும் சுற்றி ஒவ்வொரு வளையம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கருப்பு மாட்டினேன். இது அதற்கு மூன்றாவது கோடை. மாட்டிய வாரத்தில் எடுத்த படமும் "செம லுக்" என்ற பாராட்டும் எங்கே தேடினாலும் கிடைக்கும். கத்திரி வெயிலும் போர் தண்ணீரும் பட்ட பிறகு அந்தக் கருப்பு என்ன ஆகிறது என்று சொல்கிறவர்கள் குறைவு.

குரோம் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. பட்டை மங்கிவிட்டது, அவ்வளவுதான். காரின் முகத்தில் மின்னுவது இரும்பு இல்லை, பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதன் மேல் செம்பு, நிக்கல், கடைசியில் குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் ஏற்றுவார்கள். கடைசி அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாம் பார்க்கிற பளபளப்பில் பெரும்பகுதி அடியிலிருக்கும் நிக்கலுடையது. மேல்தோல் விட்டுப்போன இடத்தில் ஈரம் இறங்கினால் முதலில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி வரும், அப்புறம் கொப்புளம். வாட்டர் வாஷ் கடைகளில் வீலுக்கு அடிக்கிற ஆசிட் கலந்த தண்ணீரையே முன்பக்கத்துக்கும் அடித்துவிடுவதுண்டு. அதற்கு மேல் குரோம் எவ்வளவுதான் தாங்கும்? பாலிஷ் போட்டால் மங்கல் கொஞ்சம் குறையும். போன முலாம் திரும்பி வராது.

தினமும் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறவன் என்பதால் குரோம் என்றால் எனக்கு வேறொரு ஞாபகமும் வரும். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுவிட்டுப் போனது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபில்லோடு ராணிப்பேட்டையும் இருந்தது. முலாம் தொட்டியில் காலங்காலமாகப் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை வரவழைக்கும். ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி வாங்காமல், அந்த வகைக் குரோமியத்தின் சேர்மமான குரோமியம் ட்ரையாக்சைடைத் தொட முடியாது. கார் கம்பெனிகள் கருப்பைப் பிடித்துக்கொண்டதில் ஃபேஷனுக்குத்தான் பெரிய பங்கு. நம் ஊரில் 2019இல் டாடா ஹாரியர் 'டார்க்' வந்தது, 2022இல் ஹூண்டாய் கிரெட்டா 'நைட்' வந்தது. ஆனால் அங்கே வெளிநாட்டில் இந்தச் சட்ட நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதற்காக, பழைய பட்டையைக் கழற்றிப் பரணில் போட்டதால் நான் பாலாற்றைக் காப்பாற்றிவிட்டேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே செய்த முலாம் செய்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம். கருப்பாக்க மூன்று வழி உண்டு. குரோம் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டுவது ஒன்று. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில் முடியும், பம்பரைக் கழற்ற வேண்டாம். ஆனால் வளைவான முனைகளில் இழுத்து ஒட்டிய வினைல் வெயில் பட்டதும் தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ஓரம் தூக்கும், தூக்கிய இடத்தில் தூசி ஏறும், அங்கே பிரஷர் தண்ணீர் பட்டால் கிழியும். தட்டையான கதவுப் பட்டைக்கு ஸ்டிக்கர் சரி, மூக்குக்குச் சரிவராது.

இரண்டாவது, பெயின்ட். குரோம் வழவழப்பானது, அதில் நேரடியாகப் பெயின்ட் பிடிக்காது. வாட்டர் பேப்பர் போட்டு மினுமினுப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும், அப்புறம் கருப்பு, அதன் மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு. இதில் முக்கால்வாசி வேலை தேய்ப்பதுதான், கடைகளில் சுருக்குவதும் அதைத்தான். என் மச்சான் குடியாத்தத்தில் அடித்துக்கொண்ட பட்டை அடுத்த வெயில் காலம் வருவதற்குள் உரிய ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது, கருப்பாகவே செய்யப்பட்ட பார்ட்டை வாங்கி மாட்டுவது. நான் செய்தது இதுதான். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு மூக்கில் கல் படாமல் இருக்காது. வாலாஜாவைத் தாண்டிச் சென்னைப் பக்கம் போனால் சாலை வேலை, ஜல்லி லாரி, டிப்பர். கல் பட்டுத் தோல் பெயரும்போது அடியில் என்ன இருக்கிறதோ அது வெளியே வரும். குரோம் மேல் அடித்த கருப்பில் கல் பட்டால் வெள்ளியாகப் பளிச்சென்று புள்ளி தெரியும், பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். என் பட்டையின் அடியில் இருப்பது கருப்பு பிளாஸ்டிக். கல் பட்ட தழும்பு அதிலும் நிறைய உண்டு. குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். மூன்று வழியையும் விலையை வைத்து ஒப்பிடுகிறவர்களிடம் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: மேலே என்ன அடிக்கிறீர்கள் என்பதைவிட அடியில் என்ன நிறம் என்று கேளுங்கள்.

வாங்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பார்ட்ஸ் கவுண்டரில் சாஸி நம்பரைக் கொடுத்தால் உங்கள் வண்டியில் முதலில் என்ன இருந்ததோ அதன் பார்ட் நம்பர்தான் வரும், அதாவது மறுபடியும் குரோம். அதே பாடியில் கருப்புப் பட்டையோடு வந்த வேரியன்ட் எது என்று தெரிந்துகொண்டு அதன் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு நடுப்பட்டையும் சட்டமும் அப்படிக் கம்பெனி பார்ட்டாகவே கிடைத்தன, இரண்டும் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம். ஃபாக் லேம்ப் வளையம் மட்டும் கம்பெனியில் கருப்பு இல்லை. சென்னை புதுப்பேட்டையிலிருந்து லோக்கல் செட் வரவழைத்தேன். கையில் எடுத்த உடனே வித்தியாசம் தெரிந்தது. எடை குறைவு, லாக் மெல்லிசு, ஓரத்தில் அச்சுக் கோடு. மாட்டியபோது ஒரு பக்கம் நூல் அளவு இடைவெளி விழுந்தது, டபுள் டேப் வைத்துத்தான் சரிக்கட்டினோம்.

கழற்றி மாட்டியது சத்துவாச்சாரிப் பக்கம் எங்கள் வழக்கமான மெக்கானிக் பாய். காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். "இன்னா சார் அவசரம், வெயில் ஏறட்டும். சூடானாத்தான் லாக் வளையும், இப்ப இழுத்தா பட்டுனு ஒடிஞ்சுடும்" என்று உட்கார வைத்துவிட்டார். வேலூர் வெயிலால் ஒரு நன்மை உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பத்து மணிக்கு மேல் ஃபெண்டர் ஓரங்களில் டேப் ஒட்டி, பானெட்டுக்குக் கீழே வரிசையாக இருக்கும் கிளிப், வீல் ஆர்ச் ஓர ஸ்க்ரூ, அடியில் இருப்பவை என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஃபாக் லேம்ப் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு பம்பரை இறக்கினார். பட்டையின் லாக் எல்லாம் உள்பக்கம் இருக்கின்றன. பம்பர் வண்டியில் இருக்கும்போதே முன்னாலிருந்து நெம்புகிற ஆட்களிடம் விடாதீர்கள். கிளிப் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்திருங்கள், பத்து வருட பழசு என்றால் நாலைந்து உடையத்தான் செய்யும். கூலி ஆயிரத்துக்குள் முடிந்தது.

வீட்டுக்கு ஓட்டி வந்ததும் அம்மா வாசலில் நின்று பார்த்தார். "ஏன்டா, நல்லா மின்னிட்டிருந்ததை எடுத்துட்டுக் கருப்பைப் பூசிட்டு வந்திருக்கியே?" எதிர்வீட்டு அக்காதான் காப்பாற்றினார்: "விடுங்கம்மா, திருஷ்டிப் பொட்டுன்னு நினைச்சுக்கோங்க." அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. எலுமிச்சை மிளகாய் மட்டும் வழக்கம்போலத் தொங்குகிறது.

இப்போது கருப்போடு குடித்தனம் நடத்திய கதை. வெள்ளை வண்டிக்குப் பளபள கருப்பு அழகு, அதில் சந்தேகமே இல்லை. பத்து வயது வண்டியை ஐந்து வயது என்று நினைக்கிறார்கள். ஆனால் பராமரிக்க எது சுலபம் என்று கேட்டால் குரோம்தான். நல்ல நிலையில் இருக்கும் குரோமை எந்தத் துணியாலும் துடைக்கலாம், லேசில் கீறல் விழாது. குரோமியம் அவ்வளவு கடினம். கிளியர் கோட் அப்படி இல்லை. தூசியோடு காய்ந்த துணியை ஒரு தரம் இழுத்தால் போதும், வெயிலில் பார்க்கும்போது வட்ட வட்டமாகக் கோடு தெரியும். கருப்பில் எல்லாமே தெரியும்.

அதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் ஐந்தே நிமிடத்தில் காய்ந்து வெள்ளை வளையங்கள் நிற்கும். வெள்ளை பாடியில் இது தெரியவே தெரியாது, கருப்புப் பட்டையில் மட்டும் கண்ணைக் குத்தும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவுகிறவர்கள் தெருவில் பலர் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் அது உப்பு இன்னும் அடர்ந்த தண்ணீர், டயருக்கும் மிதியடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கருப்புப் பட்டையில் ஊற்றாதீர்கள். நான் கண்டுபிடித்த மாற்று ஏசி தண்ணீர். ஸ்பிளிட் ஏசியின் குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர், அதில் உப்பு கிடையாது. மே மாதத்தில் ஒரு ராத்திரிக்கு அரை பக்கெட் சேரும், கடைசி அலசலுக்கு அது போதும். ஏற்கெனவே படிந்த கறைக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில் நிறுத்தி, துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் துடைத்தால் போகிறது. வெயிலில் நிறுத்தி இதைச் செய்ய வேண்டாம்.

பூச்சி இன்னொரு விஷயம். பள்ளிகொண்டா டோலைத் தாண்டி ஆம்பூர்ப் பக்கம் மாலை மங்குகிற நேரத்தில் போனால் மூக்கு முழுக்க அப்பிக்கொள்ளும். மறுநாள் வெயிலில் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு பெயின்டையும் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியைப் பட்டை மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் ஊறி வந்துவிடும். சோம்பல் பட்ட இரவுகளின் அடையாளம் ஒன்றிரண்டு இடத்தில் இருக்கிறது.

வெயிலைப் பொறுத்தவரை எனக்கே ஆச்சரியம். நாற்பது டிகிரி தாண்டுகிற ஊரில், அலுவலகத்தில் கூரையில்லாத இடத்தில் நிற்கிற வண்டி இது. கம்பெனிப் பட்டை வெளுக்கவில்லை, வளையவில்லை. ஏபிஎஸ் இளகக் கிட்டத்தட்ட நூறு டிகிரி வேண்டும், வெயிலில் நிற்கும் கருப்பு கையைச் சுட்டாலும் அந்த அளவுக்குப் போகாது. லோக்கல் வளையங்கள்தான் காலை வாரின. பெயின்ட் இல்லாத சொரசொர கருப்பு அவை, இரண்டாவது கோடையிலேயே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. பிளாஸ்டிக் பாலிஷ் தடவினால் சில வாரம் கருப்பாக இருக்கும், நல்ல மழை ஒன்று பெய்தால் மறுபடி சாம்பல். அடுத்த முறை பம்பர் இறங்கும்போது அவற்றை எடுத்துப் பெயின்ட் அடிக்கப் போகிறேன். முலாம் இல்லாத பிளாஸ்டிக் என்பதால் அதில் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

"கருப்பு சூட்டை இழுக்குமே, இன்ஜின் காயாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. ரேடியேட்டருக்கு வேண்டியது காற்று. துளைகளின் அளவு மாறாதவரை பட்டையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஏலகிரி ஏறும்போதும் டெம்பரேச்சர் பழைய இடத்தில்தான் இருந்தது. தேன்கூடு டிசைன் என்று மொத்த கிரில்லையே மாற்றுகிறவர்கள் மட்டும் துளை சிறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பாடியின் நிறம்தான், பட்டையின் நிறம் அதில் வராது. இன்றுவரை எந்தச் சோதனையிலும் ஒருவரும் கேட்டதில்லை. கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் கூடாது என்ற 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சோதனையில் கண்ணாடி ஃபிலிமைத்தான் பார்க்கிறார்கள், பம்பர் மேல் மாட்டுகிற இரும்புக் கம்பியையும் 2017 இறுதியில் மத்திய அரசு தடை செய்தது. இந்த இரண்டிலும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

முன்னால் கருப்பானதும் பின்னால் டிக்கி மேலிருக்கும் குரோம் உறுத்த ஆரம்பித்தது. அது தட்டை என்பதால் ஸ்டிக்கர் ஒட்டினேன், இன்னும் நிற்கிறது. முன்னாலிருக்கும் கம்பெனிச் சின்னத்தை மட்டும் குரோமாகவே விட்டுவிட்டேன். அதையும் கருப்பாக்கினால் முகம் மொட்டையாகத் தெரிகிறது என்பது என் எண்ணம், பிள்ளைகள் ஒத்துக்கொள்வதில்லை. விற்கும்போது தேவைப்படலாம் என்று பழைய பட்டைகளைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

போன மாதம் மச்சான் புது வண்டி எடுத்தான். வந்த வாரமே சின்னத்தோடு சேர்த்து முன்பக்கம் முழுக்கக் கருப்பாக்க வேண்டும் என்றான். அந்த வண்டியில் தானாக பிரேக் போடும் வசதிக்கான ரேடார் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னங்களைச் சாதாரண முலாமில் செய்ய மாட்டார்கள், ரேடார் அலை ஊடுருவிப் போகும்படி தனியாகச் செய்வார்கள். அதன் மேல் பெயின்டோ ஸ்டிக்கரோ ஏறினால், அதிலும் உலோகத் தூள் கலந்தது என்றால், ரேடாருக்குக் கண் மறைந்துபோகலாம். சின்னத்தைத் தொடாதே, பின்பக்கப் பட்டையில் ஆரம்பி என்றேன். "அப்போ மாமா, வளையமாவது?" என்றான். கம்பெனியில் கருப்பு வளையம் இருக்கிறதா என்று பார்ட் நம்பர் தேடிக்கொண்டிருக்கிறோம்.