நாலுதான், ஐந்தாவது கிடையாது: மேஜிக் கட்டோடு மூன்று வருடம்

எங்கள் வீட்டில் கடதாசி விளையாட்டு என்றால் முன்னூற்றிநாலுதான். 32 கடதாசி, எல்லாருக்கும் பொது, நல்ல கை வராவிட்டால் குலுக்கினவனைத் திட்டலாம். மேஜிக் த கேதரிங் என்கிற அட்டை விளையாட்டில் அந்த வசதி இல்லை, ஏனென்றால் விளையாடுகிற அட்டைக் கட்டை நீங்களே வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு வருகிறீர்கள்.

கிளிநொச்சியில் நாங்கள் ஐந்து பேர் மூன்று வருடமாக விளையாடுகிறோம். அசல் அட்டை இல்லை, கொமினிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் அடித்து, வெட்டி, பழைய கடதாசிக்கு முன்னால் செருகி உறையில் போட்டது (முதல் தரம் கோணலாக வெட்டித் தந்தார்கள், குலுக்கும்போதே எது எதென்று தெரிந்தது). அதனால் விலை எங்களைத் தடுக்கவில்லை. தடுத்தது சட்டம் மட்டும்தான், அதுவும் முதல் மாதம் இல்லை.

அந்த மாதம் மச்சான் 40 லைட்னிங் போல்ட்டும் (எதிராளியை அடிக்கிற அட்டை) 20 மவுண்டனும் (மனா, அதாவது மற்ற அட்டைகளைப் போடும் சக்தி, தருகிற நிலம்) கொண்டு வந்தான். ஒரு போல்டுக்கு ஒரு மனா, மூன்று அடி. ஆளுக்கு உயிர் 20, ஆக ஏழு போல்ட் போதும். நாலு ஐந்து சுற்றில் எல்லாரையும் முடித்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டான்.

"இதென்னடா கட்டு?"

"ஏன், சட்டம் ஏதும் இருக்கோ?"

இருந்தது, நாங்கள்தான் வாசிக்கவில்லை. 1993இல் ஆட்டம் வந்தபோது இந்த எல்லை இருக்கவில்லையாம், 1994இல்தான் போட்டிகளுக்காக வைத்தார்கள்: குறைந்தது 60 அட்டை, மவுண்டன் மாதிரி அடிப்படை நிலம் தவிர எதுவும் நாலுக்கு மேல் கூடாது. நாலு போல்ட் வைத்தால் முதல் ஏழு அட்டைக்குள் ஒன்றாவது வர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. மீதிக்கு என்ன செய்வது? இரண்டு அடி மட்டும் போடும் ஷாக் மாதிரி மட்டமான தம்பிமாரைத் தேட வேண்டும். எனக்குக் கட்டுக் கட்டுவது பிடித்துப்போனது அங்கேதான். நான் ஒன்றையும் விட மனமில்லாமல் 75 அட்டை வைத்து இரண்டு மாதம் தோற்றதும் அங்கேதான். 60க்கு மேல் எத்தனையும் வைக்கலாம் என்பது சட்டம் தரும் சலுகை போலத் தெரியும், ஆனால் நல்ல அட்டை கைக்கு வருவதே அதனால் குறையும்.

இப்போது விளையாடுவது மேஜிக்கின் இன்னொரு வகையான கொமாண்டர்தான். ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர், ஆளுக்கு உயிர் 40, கட்டுக்குத் தலைவராக எடுக்கும் அட்டையோடு சேர்த்துச் சரியாக 100 அட்டை, அடிப்படை நிலம் தவிர எல்லாம் ஒவ்வொன்றுதான். தலைவரின் நிறத்துக்கு வெளியே ஒரு அட்டையும் போட முடியாது. எல்லாம் ஒன்றே ஒன்று என்றால் ஒவ்வொரு ஆட்டமும் வேறாக இருக்கும் என்று நினைத்தேன். பாதி உண்மை. மச்சான் கறுப்புத் தலைவரை எடுத்து டெமோனிக் டியூட்டர் மாதிரித் தேடி எடுக்கிற அட்டைகளைக் குவித்தான், ஒவ்வொரு தடவையும் அதே அட்டையைத் தேடி அதே மாதிரி வென்றான். என் சிவப்புத் தலைவருக்கு அந்தக் கறுப்பு அட்டை ஒன்றும் கிடையாது, அதனால் போன வருடம் காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு சிவப்பும் கறுப்பும் சேர்ந்த தலைவருக்கு மாறினேன். குறை ஒன்றுதான், ஆட்டம் இரண்டு மணித்தியாலம் இழுக்கும், நடுவில் கரண்ட் போனால் ஃபோன் வெளிச்சத்தில் அட்டை வாசிக்க வேண்டும்.

இன்றைக்கு என் கட்டில் 101 அட்டை இருக்கிறது. 40 உயிருக்கு மூன்று அடி எந்த மூலைக்கு, போல்டைத் தூக்கு என்கிறான் மச்சான். சொல்வது சரிதான். மூன்று நாளாக நான் வேறு அட்டை ஏதும் தூக்கலாமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.