நான்கு ஆண்டுகளாக என்னுடன் இருக்கும் இசைப்பெட்டியும் அதற்கு எழுதத் தெரியாத தமிழும்

சென்ற வாரம் கிளிநொச்சி நகரில், ஒலிக்கோப்புகளைப் பாடவைக்கும் இந்தச் சிறிய இசைப்பெட்டிக்குப் புதிய பற்றரி போட்டுக்கொண்டு வீடு திரும்பும்போது, அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் சித்தியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணை, நீங்கள் வைச்சிருக்கிற பாட்டுப்பெட்டி இப்ப நல்லா விலை இறங்கியிருக்கு. வாங்கலாமோ?" என்று கேட்டான். வீதியோரத்தில் நின்றபடி ஒரு சொல்லில் பதில் கூற என்னால் முடியவில்லை. அதன் எடை, கொள்ளளவு, திரையின் அளவு ஆகியவற்றை விற்பவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகள் நாள்தோறும் கையாண்டவனுக்கு மட்டும் தெரிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

2021 இல் இதை வாங்கியதற்குக் காரணம் பெரியப்பாவின் கசெட்டுகள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் அவர் பல ஆண்டுகள் கோவலனாக ஆடியவர். வீட்டில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளோடு போய்விட்டன. வவுனியாவில் மாமியின் அலுமாரிக்குள் முன்னரே கொடுத்துவைக்கப்பட்டிருந்த பதினொரு கசெட்டுகள் மட்டும் தப்பின. அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்து, நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்ற குறுந்தட்டுத் தரத்தில் சேமித்தேன். தொண்ணூறு நிமிடக் கசெட்டின் ஒரு பக்கம் அந்தத் தரத்தில் ஏறத்தாழ 475 மெகாபைட் இடம் பிடிக்கும். எம்பி3 ஆக்கினால் அளவு மிகவும் குறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இனி ஒருபோதும் கிடைக்காத ஒரு குரலில் எதைக் கழிக்கலாம் என்று ஒரு மென்பொருள் முடிவுசெய்வதை நான் விரும்பவில்லை. ஆகவே, எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தேன். கசெட்டின் இரைச்சல் நன்றாகச் சுருங்காது என்பதால் கோப்புகள் பெரிதாகவே இருந்தன. அவற்றைத் தாங்கும் மெமரி கார்ட்டும் நல்ல ஒலியும் கைத்தொலைபேசியில் எனக்கு ஒருங்கே கிடைக்காததால் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

ஒலியைப் பொறுத்தவரை இதன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாள் இரவு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முதலாவது கசெட்டைக் கேட்டபோது, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் கை வைப்பதற்கு முன் தொண்டையைச் செருமும் ஓசையும், எங்கோ பின்னால் ஒரு குழந்தை அழுவதும், அதைத் தாய் அடக்குவதும் தெளிவாகக் கேட்டன. அதே கோப்பைக் கைத்தொலைபேசியில் பலமுறை கேட்டிருந்தும் அந்தக் குழந்தையை நான் அறிந்திருக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கசெட்டின் ஒரு பக்கத்தைக் காட்சி காட்சியாக வெட்டித் தனிக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். எம்பி3 ஆக மாற்றும்போது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெறுமை சேர்ந்துவிடும்; அதைக் கணக்கிட்டு நீக்காத கருவிகளில் பாட்டுக்குப் பாட்டு ஓசை அறுந்து விழும். ஃபிளாக்கில் அந்த வெறுமை இல்லை. இந்தப் பெட்டியும் அடுத்த கோப்பை முன்கூட்டியே எடுத்து ஆயத்தமாக வைத்துக்கொள்வதால், பெரியப்பா ஒரு காட்சியின் கடைசி அடியை இழுத்து முடிக்கும் மூச்சும் அடுத்த காட்சியின் தாளமும் ஒன்றாகவே வருகின்றன. இந்த வேலையைச் செய்தவர்கள் இசையைக் கேட்கத் தெரிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மின்சாரத்தை நம்பாமல் பாட்டுக் கேட்பது எங்கள் வீட்டுக்குப் புதியதன்று. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் அப்பா வானொலி கேட்டதை இப்போதும் சொல்வார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோது இந்தப் பெட்டி ஒருமுறை சார்ஜ் செய்தால் பதினான்கு மணி நேரம் பாடியது. பற்றரி கெட்டதற்கும் அந்தக் காலத்துப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். மின்சாரம் வந்த உடனே முழுமையாக ஏற்றி, எங்கள் வெயிலில் நாள் முழுவதும் நிறைந்த நிலையிலேயே வைத்திருந்தேன். லித்தியம் பற்றரிக்கு வெப்பமும் முழு நிறைவும் சேர்ந்து வருவது நல்லதன்று. இந்த ஆண்டு தொடக்கத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. பின்னர் ஒருநாள் பின்மூடி மெல்ல மேலெழுந்து நின்றது. ஊதிய பற்றரியை அழுத்தியோ குத்தியோ பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும். திருத்துநர் ஒரு பிளாஸ்டிக் அட்டையால் பசையைச் சிறிது சிறிதாக நெகிழ்த்தி அதை வெளியே எடுத்தார். புதிய பற்றரியில் சிவப்பு, கறுப்புக் கம்பிகளோடு வெப்பத்தை அறிவதற்கான மூன்றாவது கம்பியும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தே பொருத்தினார். அரைமணி நேர வேலைதான் என்றாலும் அவ்வளவு பொறுமையான கைகளை நான் அண்மையில் கண்டதில்லை.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன்.

வாங்கிய மாதத்தில் அம்மாவிடம் இதைக் கொடுத்து, பெரியப்பாவின் பாட்டை அவரே தெரிந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா முப்பது ஆண்டுகள் ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவர். எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கொம்பும் சுழியும் எழுதப் பழக்கியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். கோவலன் என்ற பெயர் அங்கே இருந்தது. ஆனால் முதலில் ஒரு தனிக் 'க', அதற்குப் பின்னால் புள்ளிகளாலான ஒரு வட்டம், அந்த வட்டத்தின் இடப்புறம் கொம்பு, வலப்புறம் கால் என்று சிதறிக் கிடந்தது. கண்ணகியின் 'ண்' பிரிந்து, எழுத்து ஒரு கட்டத்திலும் அதன் புள்ளி அடுத்த கட்டத்திலும் நின்றன. மாதவி என்ற பெயர் மட்டும், எழுத்துக்கு முன்னால் வரும் குறியோ புள்ளியோ இல்லாததால், சேதமின்றி வந்திருந்தது. "இது எழுத்தில்லை, உடைஞ்சு கிடக்கு" என்று சொல்லி அம்மா பெட்டியைத் திருப்பித் தந்தார்.

இதன் காரணம் எளிதானது. அதனாலேயே என் கோபம் கூடுகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும் உலகப் பொதுத்தரமான யுனிகோடில் தமிழ் 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. 'கோ' என்பதைக் கணினி 'க' என்றும் அதன்பின் 'ஓ'காரக் குறி என்றும் இரண்டு எண்களாகச் சேமிக்கிறது. அந்தக் குறியைப் பிளந்து கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்துக் கோக்கும் மென்பொருளின் வேலை. இந்தப் பெட்டியில் அது இல்லை. தமிழ் எழுத்துருவைப் போட்டிருக்கிறார்கள், மொழிப் பட்டியலில் 'தமிழ்' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள், அதைப் பெட்டியின் அட்டையிலும் அச்சிட்டிருக்கிறார்கள்; தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் பிழை தெரிந்திருக்கும். சிறு கருவியில் நினைவகம் போதாது என்ற சமாதானத்தையும் நான் ஏற்கவில்லை. ஆண்ட்ராய்டும் ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபிஸும் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் மென்பொருள் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது. அது பெரிதென்றால், தமிழுக்கு மட்டும் தேவையான மாற்று விதிகளை ஒரு மாணவனே எழுதிவிடலாம்: முன்னால் வரும் குறிகள் மூன்று, இருபுறமும் வரும் குறிகள் மூன்று, பிறகு புள்ளியும் உகர ஊகாரங்களும். தயாரிப்பாளருக்குப் படங்களுடன் மூன்று மடல்கள் எழுதினேன். முதலாவதற்கு நன்றி கூறிப் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் பதிலே வரவில்லை. பின்னர் வந்த இரண்டு மென்பொருள் புதுப்பிப்புகளிலும் எழுத்து அப்படியே இருக்கிறது.

வரிசைப்படுத்தலும் இதே கவனக்குறைவோடு நடக்கிறது. யுனிகோடு எண்களின் ஒழுங்கை அப்படியே பின்பற்றுவதால் 'ன' பகரத்துக்கு முன்னால் வருகிறது, 'ற' ரகரத்தை ஒட்டி நிற்கிறது, 'வ' ழகரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அகராதி பார்த்துப் பழகியவருக்கு ஒரு பாட்டைத் தேடிப் பிடிப்பது வேதனை. ஆனால் எல்லாப் பழியையும் பெட்டியின்மீது போடுவது நியாயமாகாது. வீடியோக் கடை ஒன்றிலிருந்து எனக்குக் கிடைத்த கோயில் பாடல்களின் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. எங்கள் பக்கத்து அச்சகங்களில் பல காலம் ஆட்சிசெய்த எழுத்துரு அது. அதில் 'அம்மா' என்ற சொல் உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அதை இப்படிப்பட்ட ஒரு கருவியால் தமிழென்று அறிய முடியாது. ஒவ்வொரு பெயரையும் நான்தான் யுனிகோடுக்கு மாற்றினேன்.

தம்பி தொலைபேசியில் இன்னொன்றும் கேட்டான்: "உந்த எழுத்துப் பிழை பாக்கிற வேலைக்கு ஆர் அண்ணை சம்பளம் தருவினம்?" கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் சோதித்துத்தான் நான் ஆறு ஆண்டுகளாகப் பிழைக்கிறேன். அந்த ஆண்டுகளில் நான் கண்டுபிடித்த பெரிய பிழைகளில் பல, எழுத்தையும் தேதியையும் பெயரையும் ஒரு மனிதர் படிப்பதுபோல் படித்ததால் அகப்பட்டவை. உள்ளே நிரல் எப்படி ஓடுகிறது என்பதையும் அறிந்து, திரையில் தெரியும் தமிழ் சரியா என்றும் சொல்லக்கூடியவர்கள் குறைவு. இன்று எதற்குச் சம்பளம் அதிகம் என்று கேட்டு ஓடும் பிள்ளைகளிடம் நான் இதையே வற்புறுத்துகிறேன்: எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத் திட்டம் ஒன்றில் ஒரு தமிழ்ப் பிழையைத் திருத்தி அனுப்பு, நேர்முகத் தேர்வில் காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று உனக்குக் கிடைக்காது.

இப்போதைக்கு நான் ஒரு வழி கண்டிருக்கிறேன். இந்தப் பெட்டி ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டைப் படத்தைக் காட்டும். கணினியில் பெரிய எழுத்தில் காட்சியின் பெயரையும் பாடுபவரின் பெயரையும் எழுதி, அதைப் படமாக்கிக் கோப்புடன் சேர்த்துவிடுகிறேன். படம் சாதாரண ஜேபெக்காக இருக்க வேண்டும். படிப்படியாகத் தெளியும் வகையை இது காட்டாமல் கறுப்பாக விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் சென்றது. பட்டியலில் பெயர்கள் இன்னும் உடைந்தே இருக்கின்றன. ஆனால் பாட்டு ஓடத் தொடங்கியதும் 'கோவலன் விடைபெறுதல்' என்று திரை நிறைய வரும்போது அம்மா அதை விரலால் தொட்டு வாசிக்கிறார்.

ஆகவே தம்பி, எத்தனை விலை இறங்கினாலும் இதை வாங்காதே. உன் மொழியை அட்டையில் அச்சிட்டு விற்றுவிட்டு, அதை எழுதிக்காட்டும் பொறுப்பை ஏற்காதவர்களுக்கு நீ காசு கொடுக்க வேண்டாம். என்னுடையதை வந்து கேட்டுப் பார். ஆனால் இரவல் கேட்காதே. பதினொரு கசெட்டுகளில் ஏழுக்குத்தான் படங்கள் எழுதி முடிந்திருக்கின்றன. மிச்சம் நான்கும் இதற்குள்தான் போகவிருக்கின்றன, அவற்றுக்கான படங்களை இன்னும் நான் எழுதி முடிக்கவில்லை.