பயிர்க்காவல் துப்பாக்கி லைசென்ஸ்: டெல்டா விவசாயிக்கு எவ்வளவு பயன்?

காட்டுப்பன்றி வயலை உழுதுபோட்ட மறுநாளே துப்பாக்கி லைசென்ஸ் பற்றி விசாரிப்பவர்கள் உண்டு. அந்த அவசரத்தோடு போனால் இந்தச் சேவையில் ஏமாற்றம்தான்.

விண்ணப்பம் மத்திய உள்துறையின் என்டால்-அலிஸ் தளத்தில், ஏ-1 படிவத்தில். முடிவெடுப்பது கலெக்டர். நடுவில் காவல் நிலைய விசாரணை. ஆன்லைன் என்பதால் அலைச்சல் இல்லை என்று நினைக்க வேண்டாம்; அச்செடுத்த படிவமும் இணைப்புகளும் ஆபீசுக்குப் போயாக வேண்டும். பெரும்பாலும் இடறுவது எஸ்-3 மருத்துவச் சான்றில். உடல்நிலையோடு மனநிலையையும் மருத்துவர் அந்தப் படிவத்திலேயே எழுத வேண்டும். லெட்டர்பேடில் 'ஆரோக்கியமாக உள்ளார்' என்று ஒரு வரி வாங்கிப் பயனில்லை. ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிச் சான்றும், வீட்டில் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழியும் வேண்டும். இந்தக் கெடுபிடி நியாயமானதே; பரணில் கிடக்கும் துப்பாக்கி பன்றியைவிட ஆபத்து.

குத்தகைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். பயிர் காக்கத்தான் கேட்கிறோம் என்று காட்ட, கிராமப் பயிர்ப் பதிவான அடங்கல் வேண்டும், அதில் இருப்பதோ நிலக்காரர் பெயர். குத்தகைப் பதிவை முதலில் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

டெல்டாவில் பலர் கவனிக்காத முட்டுக்கட்டை வேறொன்று. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய லைசென்ஸ் தர, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்னிசைவு வேண்டும் என்கிறது 1972 வன உயிரினச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை சரணாலயங்களின் பக்கத்துக் கிராமங்கள் இதில் மாட்டும். கலெக்டர் ஆபீசில் கோப்பு நகரவில்லை என்று குறைசொல்லும் முன், வனத்துறைக்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள்.

லைசென்ஸ் கிடைத்தாலும் மயிலைத் தொட முடியாது. அது வன உயிரினச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணைப் பறவை. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. பன்றியைச் சுடவும் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். ஏர்கன் போதுமே என்பவர்களுக்கு: குழல்விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவையோ தாண்டினால் அதற்கும் லைசென்ஸ் உண்டு. தாண்டாத ஏர்கன்னால் மயிலைச் சுட்டாலும் அதே வழக்குதான்.

புதுப்பித்தல் பரவாயில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும், முன்பு 3 தான். ஏ-3 படிவத்தைக் காலாவதிக்கு 60 நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். அறுவடை மும்முரத்தில் புதுப்பிக்காமல் காலாவதித் தேதியும் கடந்துவிட்டால், கையிலிருப்பது சட்டவிரோத ஆயுதம். ஒருவர் பெயரில் 2 துப்பாக்கிக்கு மேல் கூடாது.

அப்பா காலமானால் அவர் லைசென்ஸும் அத்தோடு சரி. 'பேர் மாத்திக்கலாம்' என்று பீரோவில் வைத்திருக்கக் கூடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கி, பிறகு வாரிசு விண்ணப்பம் போடுங்கள். எந்த லைசென்ஸ் விண்ணப்பத்தை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம் வேண்டும்.