ட்வீட்டர் கீச்சலை அடக்கும் "ஃபில்டர் பெட்டி": காசு கொடுக்குமுன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் வட்டாரத்து வாட்ஸ்ஆப் குழுக்களிலும் வார இறுதிச் சந்தைகளிலும் ஒரு சாமான் கைமாறிக்கொண்டிருக்கிறது. தீப்பெட்டி அளவில் அலுமினியப் பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் பனானா பிளக். ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் சிவப்பு, கறுப்பு முனைகளில் செருகிவிட்டால், ஸ்பீக்கரில் உயர் ஸ்வரங்களுக்கென்று இருக்கும் சின்ன ட்வீட்டரின் கீச்சல் அடங்கி நாதஸ்வரமும் ஜால்ராவும் காதைக் குத்தாது என்று சொல்லி விற்கிறார்கள். புரட்டாசிக்கு முன்னால் ஜோடி 1,200 ராண்ட் கொடுத்து வாங்கிய ஒரு வீட்டில், ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் வந்து பெட்டிகளைப் பிளந்தார்கள். இடது பெட்டியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. வலது பெட்டியில் கறுப்புப் பசை மட்டும். வயர் இரண்டும் பசைக்குள் போய் அப்படியே முடிந்துவிட்டன. அந்த ஒரு மாதமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி "இதமாக" இருந்ததாகத்தான் வீட்டார் நினைத்திருந்தார்கள். அவர்கள் காதைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு பெட்டியும் செய்த வேலை ஒன்றேதான்: பூஜ்யம்.

ஏன் என்று பார்ப்போம். அந்தப் பெட்டி ஸ்பீக்கருக்கு இணையாக, அதாவது அதே இரண்டு முனைகளில் பக்கவாட்டில், தொங்குகிறது. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 3,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 530 ஓம் தடை காட்டும், 20,000 ஹெர்ட்ஸில் 80 ஓம். இப்போதைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடையோ பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் கீழே. 80 ஓம் பக்கத்தில் வந்து நின்றாலும் ஆம்ப் தன் வோல்டேஜை விட்டுக்கொடுக்காது. ட்வீட்டருக்குப் போவதும் குறையாது. கணக்குப் போட்டால் சத்தம் 0.01 டெசிபெல் அளவுதான் மாறும். குழாய்த் தண்ணீர் வேகமாக வருகிறது என்று பக்கத்தில் ஒரு ஊசித்துளை போடுவது போலத்தான் இது.

பலன் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை. சிலர் ரெசிஸ்டரை மிச்சம் பிடித்து வெறும் கெப்பாசிட்டரை, அதுவும் பெரியதாகப் பார்த்து, வைத்துவிடுகிறார்கள். சில ஆம்ப்கள் அந்தச் சுமையில் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாடத் தொடங்கும். பாட்டு ஓடாதபோதே ஆம்ப் சுடும், கடைசியில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போகும். அந்த வகைப் பெட்டி செருகியிருந்து ஆம்ப் காரணமில்லாமல் சூடானால் முதலில் பெட்டியைப் பிடுங்குங்கள்.

இன்னொரு வகை, ஸ்பீக்கர் வயரின் நடுவில் தொடராகப் போடும் "ஸ்மூத்தர்" பிளக். இதற்குள் 1 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். இது வேலை செய்யும், ஆனால் தப்பான வேலை. ஸ்பீக்கரின் தடை எல்லா இடத்திலும் 8 ஓம் கிடையாது. பாஸ் எனும் தாழ் ஸ்வரத்தின் ஒத்ததிர்வில் 20 ஓமுக்கு ஏறும், 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 ஓமுக்கு இறங்கலாம். தொடரில் 1 ஓம் போட்டால் 4 ஓம் இடத்தில் 1.9 டெசிபெல் குறையும், 20 ஓம் இடத்தில் 0.4தான். ஆக மிருதங்கத்தின் தொப்பி "பொம் பொம்" என்று உப்பி, குரலின் அடிப்பகுதி மெலியும். கீச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும், சில ஸ்பீக்கரில் இன்னும் துருத்தும். அதோடு, ஸ்பீக்கருக்கு 20 வாட் போகும்போது அந்த ரெசிஸ்டரில் மட்டும் 2.5 வாட் சூடு. மலிவுப் பிளக்கில் இருப்பது அரை வாட் சாமான். பிளாஸ்டிக் உருகி வாடை வரும்.

வயரைச் சுற்றிப் போடும் ஃபெரைட் வளையம் ரேடியோ அலை இரைச்சலுக்கானது. 10,000 ஹெர்ட்ஸில் அது தருவது ஓமில் நூறில் சில பங்கு. ட்வீட்டருக்கு அது கண்ணிலேயே படாது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒரு நிமிடம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, இரண்டு முள்ளையும் ஒட்டிப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியின் இரண்டு பிளக்கிலும் வையுங்கள். முடிவிலி காட்டினால் உள்ளே கெப்பாசிட்டர் அல்லது ஒன்றுமில்லை. எதுவானாலும் மேலே சொன்ன கதைதான். 1 ஓம் பக்கம் காட்டினால் அது "ஸ்மூத்தர்" வகை. விற்பவர் "இதெல்லாம் மீட்டரில் தெரியாது" என்றால் நடையைக் கட்டுங்கள்.

விற்பவர் போட்டுக் காட்டும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பெட்டியைச் செருகும்போது சத்தத்தை ஒரு புள்ளி குறைப்பார்கள். ஒன்றிரண்டு டெசிபெல் குறைந்தாலே காதுக்கு "சாந்தமாக" இருக்கும். அல்லது முதலில் நின்றபடி கேட்கச் சொல்லி, அப்புறம் நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். காதின் உயரம் மாறினால் உயர் ஸ்வரங்களின் அளவும் மாறும். வாங்கித் தொலைத்துவிட்டவர்கள் வீட்டில் போனை ஒரு ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்வரமும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, ஸ்பெக்ட்ரம் ஆப்பில் பெட்டியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை, அரை நிமிடச் சராசரி எடுங்கள். போன் மைக் துல்லியமில்லை, ஆனால் வித்தியாசம் காட்ட அது போதும்.

சரி, கீச்சல் நிஜம்தானே, அதற்கு என்ன செய்வது? நம்மூர் வீட்டுக் கூடத்தைப் பாருங்கள்: டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், ஒரு பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு. கீச்சலில் பாதி அங்கிருந்து திரும்பி வருவது. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு கம்பளம், கண்ணாடிக்குக் கனமான திரை. மெல்லிய கம்பளம் உயர் ஸ்வரத்தை மட்டும்தான் உறிஞ்சும், இங்கே வேண்டியதும் அதுவே. பிறகு ஸ்பீக்கரின் முகத்தை உங்கள் காதை நோக்கித் திருப்பியிருந்தால் நேராக்குங்கள். 25 மில்லிமீட்டர் டோம் (குமிழ் வடிவ) ட்வீட்டர் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நேரெதிரே உட்கார்ந்தவருக்குத்தான் பலமாகக் கேட்கும், பக்கவாட்டில் தணியும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ட்வீட்டரைச் சுற்றி ஒட்டும் ஃபெல்ட் வளையம் ஏமாற்று இல்லை. 1970-களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரிலேயே ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் உண்டு. ஆனால் கம்பளி ஃபெல்ட், 5 மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். கைவினைக் கடையின் 1 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் துணியை வட்டமாக வெட்டி 300 ராண்டுக்கு விற்பதும் நடக்கிறது. டோமைத் தொடாமல் 3 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டுங்கள். டோமின் மேலேயே டிஷ்யூ தாள் தொங்கவிடுவது பழைய ஸ்டுடியோ வழக்கம், யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கருக்குச் செய்தார்கள். தாளுக்குத் தாள் பலன் மாறும், நம்ப முடியாது.

பின்னால் நான்கு முனை உள்ள ஸ்பீக்கர் என்றால் நிஜமான தீர்வு சில ராண்டில் முடியும். 1 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு, ஸ்பீக்கருக்கு ஒன்று. ஆம்பை அணைத்துவிட்டு, சிவப்பு முனைகளை இணைக்கும் பித்தளைத் தகட்டைக் கழற்றி அந்த இடத்தில் ரெசிஸ்டரை முறுக்குங்கள். கறுப்புத் தகடு அப்படியே இருக்கட்டும். ஆம்ப் வயர் கட்டாயம் வூஃபர் (தாழ் ஸ்வரத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) முனையில் இருக்க வேண்டும். அது வழக்கமாகக் கீழ் ஜோடி. மேல் ஜோடியில் மாட்டினால் ரெசிஸ்டர் வூஃபரின் வழியில் விழுந்து, பாஸ் குறைந்து கீச்சல் கூடும். "ரெசிஸ்டர் போட்டும் கெட்டுப்போச்சு" என்று வரும் புகாரில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டரில் 1 ஓம் சுமார் 1 டெசிபெல் குறைக்கும், 1.5 ஓம் ஒன்றரை. 2.2-க்கு மேல் போகாதீர்கள், உயர், தாழ் ஸ்வரங்களைப் பிரித்து அனுப்பும் கிராஸோவர் சுற்றின் கணக்கு மாறிவிடும். 3 டெசிபெல் வேண்டுமென்றால் ஸ்பீக்கரைத் திறந்து, கிராஸோவருக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் தொடராக 2.3 ஓம், அதற்கப்புறம் ட்வீட்டருக்கு இணையாக 19 ஓம்; அப்போது கிராஸோவர் அதே 8 ஓமைத்தான் பார்க்கும். ரெசிஸ்டர் சுடும், உள்ளிருக்கும் பஞ்சில் பட விடாதீர்கள். தகட்டைக் கழற்றும்போதே முனைகளைத் துடையுங்கள். கடல் காற்றில் பித்தளை பச்சை பிடித்திருக்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் பெட்டியைப் பிளக்காதீர்கள், மாற்றிய பொருள் என்று தட்டிக் கழிப்பார்கள். மீட்டர் காட்டும் எண்ணைப் போட்டோ எடுங்கள். ஆன்லைனில் ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடையில் வாங்கியதென்றால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு 6 மாதம் தருகிறது. பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். விற்றவர் மசியாவிட்டால் நுகர்வோர் பொருள் சேவை ஓம்பட் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் கட்டணமில்லாமல் புகார் தரலாம். அதற்கு ரசீது வேண்டும். ரசீது தராதவர் என்றால், "கீச்சல் போகும், நான் காரண்டி" என்று வாட்ஸ்ஆப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவை அழித்துவிடாதீர்கள்.