படுவான்கரைத் தரவையில் ஒரு கைவில்லை

மட்டக்களப்பு நகரில் மணிக்கூடு திருத்துவோருக்கான கருவிகள் விற்கும் கடையொன்றில், சென்ற மார்கழியில் 850 ரூபா கொடுத்து, சிறியவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு மடக்குக் கைவில்லை வாங்கினேன். பெட்டியில் ‘30 மடங்கு’ என்று அச்சிட்டிருந்தார்கள். அது உண்மையன்று. யன்னலின் விம்பத்தைக் கடதாசியில் விழுத்தி அளந்தபோது குவியத் தூரம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றராக இருந்தது. தெளிவாகப் பார்க்கக்கூடிய மிகக் கிட்டிய தூரமான 250 மில்லிமீற்றரை அதனால் வகுத்தால் 10 மட்டுமே வரும். ஆயினும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, ஏனெனில் வெட்டவெளியில் கையிற் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து மடங்கே தோதானது. அதைத் தாண்டினால் விரலின் சிறு நடுக்கமும் காட்சியைக் கலைத்துவிடும்.

மாரி ஓய்ந்த தை மாதத்தில், வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், மாடுகள் மேயும் வாவியோரத் தரவையில் இதைச் சோதித்தேன். முதலிற் கண்டது அறுகம்புல்லின் பூவை. பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகு பூக்கும் என்பதைக்கூட அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. விரல்கள் போல் விரிந்த கதிரிலிருந்து ஊதா நிறச் சூல்முடிகள் நுண்ணிய இறகுகளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்றில் வரும் மகரந்தத்தை வடித்துப் பிடிப்பதற்கே அந்த இறகமைப்பு. தொட்டாற்சுருங்கியின் இளஞ்சிவப்பு உருண்டை ஒரு பூவன்று, பல சிறு பூக்களின் திரள் என்பதும், ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு மகரந்தத் தாள்கள் நீள்வதே அந்தப் பஞ்சுத் தோற்றத்துக்குக் காரணம் என்பதும் அன்றுதான் கண்ணுக்குப் புலப்பட்டன. மூக்குத்திப்பூவின் மஞ்சள் நடுவும் அவ்வாறே தனித்தனிக் குழாய்ப் பூக்களாகப் பிரிந்தது. அரை மணித்தியாலத்தில் நான் நகர்ந்த தூரம் பத்தடிகூட இராது. மாட்டுப் பட்டிக்காரர் ஒருவர் வந்து, எதைத் தொலைத்தேன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பயன்படுத்துவதில் ஒரு பழக்கம் வேண்டும். பலரும் செய்வதுபோல வில்லையைப் பூவருகே நீட்டாமல், கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை அதை நோக்கிக் கொண்டுவந்தால்தான் பார்வைப் புலம் முழுமையாகக் கிடைக்கும். முகத்தின் நிழல் பூவில் விழாதபடி வெயிலுக்குப் பக்கவாட்டாக நிற்பதும் அவசியம். சூரியனை இதனூடாக ஒருபோதும் பார்க்கக் கூடாது.

குறைகளும் உண்டு. ஓரங்களில் நிறக் கோடுகள் தெரிகின்றன. மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்யும் விலைகூடிய வில்லைகளில் இது வெகுவாகக் குறைந்திருக்கும். மடக்கும் ஆணி இரண்டே கிழமையில் தளர்ந்தது. உப்புக் காற்றில் மேற்பூச்சும் உரியத் தொடங்கிவிட்டது, ஆகவே வாவிக்கரையில் இருப்போர் பயன்படுத்தியதும் துடைத்து வைப்பது நல்லது.

மருமகளுக்கென்று அதே கடையில் இன்னொன்றும் வாங்கிவிட்டேன். பெட்டியை மட்டும் எறிந்துவிட்டுத்தான் கொடுப்பேன்.