வேகமான மஞ்சளா, ஒட்டிக்கொள்ளும் வெள்ளையா?

வியாசர்பாடியில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் கேப்டன் காட்டன் கால்வாய். அதன் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லவருவது நாற்றமே இல்லாத ஒன்றை. நாம் விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையில் கிட்டத்தட்டப் பாதி மருந்து உருமாறாமல் சிறுநீரில் வெளியேறி, கடைசியில் இந்தத் தண்ணீருக்குத்தான் வந்து சேர்கிறது. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். வெயிலையும் ஓர் ஒளிவினையூக்கியையும் (வெளிச்சம் பட்டால் வினையைத் தூண்டிவிடும் பொருள்) வைத்து மருந்தைத் தண்ணீரிலேயே உடைக்க வேண்டும். எந்த வினையூக்கி என்று முடிவு செய்யவே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஆக்டிவேட்டட் கார்பன் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். மலிவுதான், மருந்தை நன்றாகப் பிடித்தும் வைக்கும். ஆனால் அழிக்காது. நிரம்பிய கரியை எங்கே கொட்டுவது? எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு ஒரே பதில், கொடுங்கையூர் குப்பைமேடு. ஆர்.ஓ.வும் அப்படித்தான், தடுத்ததையெல்லாம் கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிவிடும். சரி, இந்த இரண்டும் போகட்டும்.

மிச்சமிருந்தது இரண்டு பொடிகள். ஒன்று, வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. 1972 முதல் ஆய்வுக்கூடங்களில் பேர்போன சரக்கு. ஆனால் 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிரைத்தான் தின்னும். வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். இன்னொன்று, மஞ்சள் கார்பன் நைட்ரைடு. 460 நானோமீட்டர் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியிலும் வேலை செய்யும். யூரியாவை மூடிய க்ரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) வைத்து 550 டிகிரியில் சுட்டால் ஆயிற்று. (யூரியா என்றதும் உரக்கடைக்கு ஓடாதீர்கள். 2015-லிருந்து அங்கே கிடைப்பது வேப்பெண்ணெய் பூசியது. லேப் பாட்டில்தான் வேண்டும்.)

காகிதத்தில் மஞ்சள்தான் ஜெயிக்கிறது, நானும் அதைத்தான் முதலில் தொட்டேன். லிட்டருக்கு அரை கிராம் போட்டு, அரைமணி இருட்டில் கலக்கி, அப்புறம் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மருந்து சீக்கிரமே குறைந்தது. சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. யூரியாவில் செய்த தூள் அவ்வளவு மெல்லியது, படிய மறுக்கிறது. ஒவ்வொரு முறையும் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித்தான் தூளைப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் குழாயோரம் கொஞ்சம் போச்சு. ஐந்தாவது சுற்றில் கையிலிருந்தது போட்டதில் முக்கால் பங்குகூட இல்லை. "நீ மருந்தை எடுத்துட்டு தூளை விடறே" என்றார் கைடு.

அன்று ஒரு கணக்குப் போட்டேன். கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையத்தின் அளவு நாளைக்கு 4.5 கோடி லிட்டர். லிட்டருக்கு அரை கிராம் என்றால் 22.5 டன் தூள். அதையே பத்துமுறை சுழற்றிப் பயன்படுத்தினாலும் 2.25 டன்னை ஒரே நாளில் பத்துத் தடவை தண்ணீரிலிருந்து பிரித்தாக வேண்டும். எவ்வளவு வேகமான தூளாக இருந்து என்ன?

அதனால் வெள்ளைக்கே திரும்பினேன், ஆனால் பொடியாக அல்ல. ஃப்ராஸ்டட் கண்ணாடித் துண்டுகளில் டைட்டானியம் டை ஆக்சைடுக் குழம்பைப் பூசி, 450 டிகிரியில் சுட்டு ஒட்டவைத்தேன். (கடைக்காரர் "பாத்ரூம் ஜன்னலுக்காம்மா?" என்றுதான் கேட்டார்.) பொடி ஒரு மணியில் முடித்ததற்குத் தகடு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும். தகட்டைத் தூக்கினால் தண்ணீர் தனி, வினையூக்கி தனி. எங்கள் போர் தண்ணீரில் வைத்தால் உப்புப் படலம் கட்டுகிறது, நீர்த்த வினிகரில் கொஞ்சநேரம் ஊறவைத்தால் போய்விடுகிறது. கார்பன் நைட்ரைடையும் இப்படிப் பூசிப் பார்த்தேன், விரல் பட்டாலே உதிர்ந்தது. என் கைப்பக்குவக் குறைவாகவும் இருக்கலாம், நன்றாக ஒட்டவைத்தவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் உள்ள சோடியம் சூட்டில் பூச்சுக்குள் ஏறி அதன் வேகத்தைக் குறைக்கும். சோடியம் குறைந்த போரோசிலிகேட் கண்ணாடி வாங்கக் காசிருந்தால் வாங்குங்கள்.

வெள்ளைக்கு இன்னொரு பலமும் உண்டு. அது மருந்தை உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை (தண்ணீரிலிருந்து பிறக்கும், எதையும் தாக்கும் துண்டு) நேரடியாக உண்டாக்கும் அளவுக்கு வலுவானது, மஞ்சளுக்கு அந்த வலு போதாது. மருந்து உடைந்த துண்டுகளும் கிருமியைக் கொல்லுமா என்று பார்க்க, வெயிலில் வைத்த தண்ணீரை ஈ. கோலை பாக்டீரியா வளர்த்த தட்டில் ஒரு சொட்டு விட்டேன். தகடு வைத்த தண்ணீரைச் சுற்றி, கிருமி செத்ததைக் காட்டும் வெறும் வட்டம் விழவில்லை. மூன்று முறைதான் செய்தேன், அதை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன்.

நான் கலந்த மருந்து லிட்டருக்கு 10 மில்லிகிராம். சாதாரணக் கழிவுநீரில் இருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. ஹைதராபாத் அருகே உள்ள படான்செரு பற்றி 2007-ல் வெளியான ஆய்வில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை கண்டார்கள், ஆனால் அது மருந்தாலைகளின் கழிவு. கால்வாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியும் பார்த்தேன், கலங்கலில் வெளிச்சமே உள்ளே போகவில்லை. சுத்திகரித்து முடித்த தெளிந்த நீருக்குத்தான் இது லாயக்கு. ஐப்பசி மூட்டத்தில் எப்படி என்று பார்க்க வாய்க்கவில்லை, ப்ராஜெக்ட் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆறு தகடுகள் இன்னும் மாடித் தொட்டி ஓரத்தில் சாய்ந்து நிற்கின்றன. அம்மா அதன்மேல் வடகம் காயவைக்கலாமா என்று கேட்கிறார்.