முறுக்கும் முடுக்கும்: இறக்குக் குழாயோடு நான்கு வருடம்

கடையம் பக்கம் மரம் வெட்டுகிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவன் நேற்று ராத்திரி போனில் கேட்டான்: “அண்ணாச்சி, நீங்க வச்சிருக்க அந்த இறக்குக் குழாய நானும் ஒண்ணு வாங்கட்டுமா?” கேட்ட நேரம் சரியில்லை. சாயங்காலம் முழுக்க நாற்பது மீட்டர் கயிற்றை விரித்துப் போட்டு, சிக்கெடுத்து, அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். “வாங்காதலே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். காலையில் மனசு கேட்கவில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் போர்ட்டா ராப் என்று சொல்லும் சாமான்தான். அடிமரத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டுகிற எஃகுக் குழாய், கயிற்றைப் பூட்டக் கொம்புகள். வெட்டுகிற துண்டைக் கட்டிய கயிறு மேலே ஒரு கப்பி வழியாக இறங்கி வந்து இதில் சில சுற்று சுற்றும், அந்த உரசலில்தான் கீழே நிற்பவர் கனத்தைப் பிடித்து மெதுவாக இறக்குவார். அளவும் விலையும் அவனுக்கே தெரியும்.

பாளையங்கோட்டையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். ஒரு பக்கம் ஓட்டுச் சாய்ப்பு, ஒரு பக்கம் அடுத்த வீட்டு மதில், நடுவில் கிணறு, துவைக்கிற கல், செப்டிக் டேங்க் மூடி, தலைக்கு மேல் கரண்டு ஒயர். இதற்குள் ஐம்பது அடி வேம்பு நிற்கும். மதிலுக்கும் அடிமரத்துக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். முன்பெல்லாம் கயிற்றை மேலே ஒரு கவட்டையில் போட்டு, கீழே அடிமரத்தையே இரண்டு சுற்று சுற்றிப் பிடிப்போம். சுற்ற வேண்டுமானால் ஆள் மரத்தைச் சுற்றி வர வேண்டுமே, ஒரு சாண் சந்துக்குள் எங்கே வருவது? எனக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கிற சித்தப்பா, கயிற்றுத் தலைப்பை ஒரு பக்கம் உள்ளே விட்டு, மறுபக்கம் தொரட்டியால் இழுத்து எடுப்பார். பட்டையும் மரத்துக்கு மரம் வேறு. வேம்பு சொரசொரக்கும், தைலமரம் வழுக்கும், பலாவில் பால் ஒட்டும். எவ்வளவு பிடிக்கும் என்பது வெட்டி விட்ட பிறகுதான் தெரியும்.

குழாய் வந்த அன்று சித்தப்பா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒன்றரை அடி விட்டமுள்ள பச்சைத் துண்டு, ஒரு மீட்டர் நீளம் என்றால், 150 கிலோ வரும். அதை ஒரு கையால் விட்டு விட்டுப் பிடித்து, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் உட்கார வைத்தார். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துப் பாயில் போடுகிற மாதிரி. வீட்டுக்காரர் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். துண்டு இறங்கியதே அவருக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு வண்ணார்பேட்டைப் பக்கம் வேர் ஆடிப்போய் மதில் மேல் சாய்ந்த மரங்களை இறக்கும்போதும் இதுதான் கை கொடுத்தது. சாய்ந்த மரத்தில் கப்பியைக் கட்டக் கூடாது. பக்கத்தில் உறுதியாக நின்ற மரத்தில் கப்பியையும், அதன் அடியில் குழாயையும் கட்டிக்கொண்டோம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

முறுக்கு. கிணற்றுக் கப்பி கயிற்றோடு சேர்ந்து சுழலும். இந்தக் குழாய் சுழலாது. சுழலாத குழாயில் கயிறு சுருள் சுருளாக உரசிக்கொண்டு போகப் போக, முறுக்கெல்லாம் வால் பக்கம், அதாவது பிடிக்கிறவர் கையில் இருக்கும் கயிற்றுப் பக்கம், தள்ளப்பட்டுச் சேர்ந்துகொண்டே இருக்கும். பத்து துண்டு இறக்கியதும் வால் தானாகவே பந்து பந்தாகச் சுருண்டுகொள்ளும். திருநெல்வேலியில் அல்வாதான் என்பார்கள், என் கயிறு நாள் தவறாமல் முறுக்கு சுடுகிறது. மூன்று புரி கயிறாக இருந்தால் புரி பிதுங்கி, கயிறே பாழ். இரட்டைப் பின்னல் பாலியஸ்டர் என்றால் தாங்கும், ஆனால் சிக்கு சிக்குதான்.

சிக்கு விழுந்தால் எடுத்துக்கொண்டால் போகிறது என்று தோன்றும். எப்போது விழுகிறது என்பதுதான் விஷயம். கிளையெல்லாம் போய் மொட்டையாக நிற்கும் மரத்தில் மேலே கப்பி கட்ட இடமிருக்காது. வெட்டுக்குக் கீழேதான் கட்ட வேண்டும். துண்டு முதலில் விழும், அப்புறம்தான் கயிறு பிடிக்கும். சும்மா தொங்கும்போதே கப்பிக் கட்டில் துண்டின் எடையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுவை விழும், ஒரு பக்கம் துண்டு, மறுபக்கம் கயிறு என்று. விழுந்து வரும் துண்டைச் சட்டென்று நிறுத்தினால் அது இன்னும் பல மடங்காகும். அதனால்தான் கீழே நிற்பவர் கொஞ்சம் ஓடவிட்டு, மெதுவாகப் பிடித்து நிறுத்துவார். ஓடவிட வேண்டிய அந்த நேரத்தில் ஒரு முறுக்குப் பந்து குழாய் வாயில் வந்து அடைத்தால்? மரம் முழுக்க உலுக்கும். மேலே இடுப்புப் பட்டையில் தொங்குகிறவன் நான்.

போன மாசம் மேலப்பாளையம் வேலையில் அப்படித்தான் ஆனது, நல்லவேளை சின்னத் துண்டு. துவைக்கிற கல்லுக்கு ஆறடி உயரத்தில் அந்தரத்தில் நின்று ஆடியது. சித்தப்பா கயிற்றைக் கொம்பில் பூட்டிவிட்டு, வாலைப் பிரித்து, சிக்கெடுக்க இருபது நிமிடம். வீட்டு ஆச்சி வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எனக்கு ஊஞ்சலா கட்டுதிய?” என்றார். மேலேயிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயின் மேல் நியாயமாகப் பேச வேண்டுமானால் இன்னொன்றும் சொல்லணும். பாதிக் குற்றம் கயிற்றில்தான். நம்மூர்க் கடையில் ‘நைலான் கயிறு’ என்று நீலத்திலும் பச்சையிலும் தருவதில் பெரும்பாலும் நைலான் கிடையாது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார், மிதந்தால் பாலிப்ரொப்பிலீனாகவோ பாலித்தீனாகவோதான் இருக்கும். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும், பாலியஸ்டர் உருகச் சுமார் 250 ஆகும். உரசிச் சூடேறுகிற குழாயில் அந்த நீலக் கயிற்றை நான் போட்ட முதல் வாரமே, மேல்தோல் உருகிக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கையில் தடவினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

எத்தனை சுற்று போடுவது என்பதும் ஒரு தலைவலி. வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும், துண்டு விழுந்து வரும்போது கூட்டிக்கொள்வது லேசில் முடியாது. பாலிடெக்னிக் படிக்கிற அக்கா மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். உராய்வு 0.2 என்று வைத்தால், ஒரு சுற்றுக்குக் கையின் பிடி மூன்றரை மடங்காகும், இரண்டுக்கு 12, மூன்றுக்கு 43. ஒன்று கூடினால் துண்டு இறங்காது, ஒன்று குறைந்தால் கயிறு கையைச் சுட்டுவிட்டு ஓடும். சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். “அதான் நான் பாத்து போடுதேன்லா” என்றார்.

முறுக்குக்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் இரண்டுதான். ஒன்று, ஒரு துண்டுக்கு வலம் சுற்றினால் அடுத்த துண்டுக்கு இடம் சுற்றுவது. இன்னொன்று, ஐந்து துண்டுக்கு ஒருமுறை வாலை வெளியே கொண்டுபோய், நுனியைக் கட்டாமல் முடுக்கு, அதான் வீட்டோரச் சந்து, நெடுக இழுத்துவிட்டால் முறுக்கு தானாக வெளியேறிவிடும். முறுக்கெடுக்க ஒரு முடுக்கு வேண்டும். முடுக்கில் பைக் நிறுத்தியிருப்பார்கள், ஆடு கட்டியிருப்பார்கள், தண்ணீர்க் குடம் வரிசையாக இருக்கும். ஐந்து துண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டும்.

ஆக, தம்பி, நேற்று சொன்னதையேதான் இன்றைக்கும் சொல்கிறேன், வாங்காதே. உன்னிடம் நல்ல கயிறு இல்லை, நிதானமாகப் பிடிக்கிற ஆளும் இல்லை. என் குழாயை இரவல் கேட்காதே, தர மாட்டேன். சித்தப்பா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில்தான் வைத்துக்கொள்கிறார்.

வியாழக்கிழமை அம்பாசமுத்திரத்தில் ஒரு மாமரம் இருக்கிறது, கிணற்றுக்கு மேலே சாய்ந்தது. ஏழு மணிக்கு வந்துவிடு. அவர் பக்கத்தில் வால் பிடித்து நில். கையுறை கொண்டு வா, எங்களிடம் இரண்டு ஜோடிதான்.